நிகழ்வியல் ஆய்வின் தத்துவ அடிப்படையை எழுதுவது எப்படி: தர்மபுரியிலிருந்து ஒரு நெறியாளரின் குறிப்புகள்

பிஎச்டி சினாப்சிஸிலும் சரி, எம்எஸ்சி நர்சிங் தீசிஸிலும் சரி, ‘தத்துவ அனுமானங்கள்’ என்று ஒரு பகுதி கேட்பார்கள். நிகழ்வியலை, அதாவது ஒரு அனுபவம் அதை வாழ்கிறவருக்கு எப்படித் தோன்றுகிறது என்று ஆராயும் ஃபினாமினாலஜியை, எடுத்த மாணவர்களுக்கு அதுதான் பெரிய கண்டம். ஆன்டாலஜி (இருப்பியல்: உண்மை என்பது எது), எபிஸ்டமாலஜி (அறிவு எப்படி உருவாகிறது), ஆக்ஸியாலஜி (விழுமியங்கள்), மெத்தடாலஜி (ஆய்வு முறை) என்று நான்கு தலைப்பு போட்டு, பாடநூலிலிருந்து தலைக்கு ஒரு பத்தி எடுத்து வைத்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். அதன்பிறகு தீசிஸ் முடியும்வரை அந்த நான்கு சொல்லும் தலைகாட்டுவதில்லை. வைவாவில் தேர்வாளர் முதலில் கைவைப்பது அந்த இடத்தில்தான்.

தர்மபுரியில் நர்சிங், சமூகப்பணி மாணவர்களுக்கு ஆய்வு முறை சொல்லித் தருகிறேன். அவர்களுக்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். நீங்கள் எழுதும் ஒவ்வொரு தத்துவ அனுமானமும் உங்கள் களவேலையில் ஏதாவது ஒன்றை மாற்றியிருக்க வேண்டும். கேட்ட கேள்வியை மாற்றியிருக்கலாம், பேட்டி எடுத்த இடத்தை மாற்றியிருக்கலாம், கேட்டதை எழுதிய விதத்தை மாற்றியிருக்கலாம். எதையும் மாற்றாத அனுமானத்தை அடித்துவிடுங்கள். அந்த விதியை எப்படிக் கடைப்பிடிப்பது என்று ஒரு உதாரணத்தை வைத்துச் சொல்கிறேன்.

உதாரணம் எங்கள் பக்கத்துப் பழைய பிரச்சினை: தண்ணீரில் ஃபுளோரைடு. இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எத்தனையோ ஊர்களின் போர் தண்ணீர் இந்த அளவைத் தாண்டியது. பாறையிலிருந்து கரைந்து வருவது அது. ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிய பிறகு ஊர்களுக்குக் காவிரித் தண்ணீர் வந்தது. ஆனால் பல் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீரின் கறை பல்லோடு நின்றுவிடும். பிற்பாடு எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் அது போகாது. நான் பென்னாகரம் பக்கம் பிறந்தவள். என் பல்லும் காவிதான். இது கீழே தேவைப்படும் என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

கேள்வியை முதலில் சோதியுங்கள்

‘பல் கறை பற்றிய விழிப்புணர்வு எந்த அளவு இருக்கிறது?’ என்பது சர்வே கேள்வி. ‘பல் கறைக்கும் தன்மதிப்புக்கும் தொடர்பு உண்டா?’ என்பதற்கு ஒரு அளவுகோலும் புள்ளியியலும் வேண்டும். இரண்டும் நல்ல கேள்விகள். ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு நிகழ்வியல் பக்கம் வர முடியாது. ‘காவிப் பல்லோடு, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்ட அனுபவம்?’ என்று கேட்டால் வரலாம்.

இந்த வேறுபாட்டுக்கு அடியில் ஒரு அனுமானம் இருக்கிறது. 1874இல் பிரெண்டானோ என்ற தத்துவவாதி, மனத்தில் நிகழும் எதுவும் ஏதோ ஒன்றை நோக்கியே நிகழ்கிறது என்றார். இதை நோக்குடைமை என்பார்கள். அவரிடம் படித்த எட்மண்ட் ஹுசர்ல் அதைத் தன் நிகழ்வியலின் நடுத்தூணாக்கினார். வெறும் பயம் என்று ஒன்று தனியாக இல்லை; எதையோ கண்டு வரும் பயம்தான் உண்டு. அதேபோல, யாருக்கும் தோன்றாத ‘வெறும் பல்’லைப் பற்றி இந்த ஆய்வில் பேச்சே இல்லை. பல் மருத்துவர்களுக்கு டிரெண்ட்லி டீன் என்ற அமெரிக்கர் வகுத்த குறியீட்டு அட்டவணை இருக்கிறது. இயல்பு என்பதில் தொடங்கி லேசான கறை, கடுமையான கறை என்று படிப்படியாகப் போகும். டார்ச் வெளிச்சத்தில் மருத்துவருக்குத் தோன்றும் பல் அது. மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண்ணுக்குத் தன் வாயில் தோன்றும் பல்லைப் பற்றி அந்த அட்டவணை எதுவும் சொல்லாது. உங்கள் ஆய்வுப்பொருள் இந்த இரண்டாவது பல்.

இதை ஏற்றுக்கொண்டால் களத்தில் என்ன மாறும்? கருத்துக் கேட்பதை விட்டுவிடுவீர்கள். “பல்லு காவியா இருக்கறதப் பத்தி என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டால், “என்னங்க பண்றது, எங்க ஊரு தண்ணி அப்படி” என்று பதில் வரும். அது ஊர் முழுக்கச் சொல்லும் வாசகம். அதற்குப் பதில், “உங்களப் பொண்ணு பார்க்க வந்தாங்கல்ல, அன்னைக்குக் காலைலருந்து சொல்லுங்கக்கா” என்று கேளுங்கள். காலையில் கரித்தூள் வைத்துத் தேய்த்தது, அண்ணி “வாயைத் தொறக்காத” என்று காதில் சொன்னது, தட்டை நீட்டும்போது யார் முகத்தைப் பார்த்தது என்று ஒவ்வொன்றாக வரும். நோக்குடைமை பற்றி நீங்கள் தீசிஸில் எழுதும் பத்திக்குச் சான்று உங்கள் கேள்விப் பட்டியலில் இருக்க வேண்டும்.

‘உண்மை பல’ என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள்

இருப்பியல் பகுதியில் எல்லா மாணவர்களும் எழுதும் வரி, ‘உண்மை ஒன்றல்ல, பல’ என்பது. கிரெஸ்வெல் போன்ற ஆய்வுமுறை நூலாசிரியர்கள் பண்புசார் (குவாலிடேடிவ்) ஆய்வு முழுமைக்கும் பொதுவாகக் கொடுத்த அட்டவணையிலிருந்து வருகிற வரி அது. அங்கே அது சரி. நிகழ்வியலுக்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் இரண்டு இடத்தில் இடிக்கும்.

முதலாவது, போர் தண்ணீரில் ஃபுளோரைடு 3 மில்லிகிராம் இருந்தால் இருக்கிறது. அது ஆளுக்கு ஆள் மாறாது. நிகழ்வியல் அதை மறுப்பதுமில்லை, உறுதிப்படுத்துவதுமில்லை. அந்தத் தண்ணீரோடும் அது விட்டுச்சென்ற பல்லோடும் வாழ்வது எப்படித் தோன்றுகிறது என்று மட்டும் பார்க்கிறது. இரண்டாவது, ஹுசர்ல் தேடியது சாரத்தை. பத்துப் பேரின் அனுபவம் பத்து விதமாக இருந்தாலும், எதை எடுத்துவிட்டால் அது அந்த அனுபவமாகவே இருக்காதோ, அந்த மாறாத அமைப்பை அவர் கேட்டார். நீங்கள் ஹுசர்லைப் பின்பற்றுவதாக எழுதிவிட்டு, உண்மை ஆளுக்கு ஆள் வேறு என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், பிறகு எதற்காகப் பொதுவான அமைப்பைத் தேடினீர்கள் என்ற கேள்வி வரும். ‘வெளிக் காட்சிகள் பல; அவற்றுக்குள் பகிரப்படும் அமைப்பு ஒன்று உண்டா என்று தேடுகிறேன்’ என்று எழுதுங்கள். அந்தத் தேடலைச் செய்தும் காட்டுங்கள். ஒரு அம்சத்தைக் கற்பனையில் நீக்கிப் பாருங்கள். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாருக்குமே காவிப் பல் இருந்திருந்தால் இந்த அனுபவம் என்ன ஆகும்? இந்தப் பயிற்சியை நோட்டில் எழுதி, தேதி போட்டு வையுங்கள்.

ஹுசர்லா, ஹைடெகரா? இங்கே நின்று முடிவெடுங்கள்

இந்தப் பகுதிக்கு நிறைய நேரம் கொடுங்கள். தீசிஸில் ஏற்படும் பெரும்பாலான குழப்பத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

ஹுசர்ல் 1913இல் விரிவாக முன்வைத்த எபொக்கே, நம் கல்லூரிகளில் பிராக்கெட்டிங் என்று புழங்குகிறது. உலகம் இப்படித்தான் இருக்கிறது என்று நாம் கேள்வி கேட்காமல் நம்பிக்கொண்டிருக்கும் அன்றாட மனநிலையைத் தற்காலிகமாகச் செயலிழக்க வைப்பது. தெரிந்ததை அழித்துவிடச் சொல்லவில்லை அவர். தெரிந்தது தீர்ப்புச் சொல்லாமல் ஒதுங்கி நிற்கட்டும் என்றார். அவருக்குப் பின் வந்த மார்ட்டின் ஹைடெகர் 1927இல் வேறு பக்கம் திரும்பினார். மனிதன் ஏற்கெனவே உலகத்துக்குள் இருக்கிறான், எதையும் ஒரு முன்புரிதலோடுதான் அணுகுகிறான், அதை விட்டு வெளியே போய் நிற்க இடம் கிடையாது என்பது அவர் நிலை. 1960இல் காடமர் இதை இன்னும் கூர்மையாக்கி, நம் முன்முடிவுகளே புரிதல் தொடங்குவதற்கான நிபந்தனை என்றார். நடுவில் 1945இல் மெர்லோ-போன்டி, இந்த ஒதுக்கிவைத்தலை முழுமையாகச் செய்து முடிக்க முடியாது என்பதே அது நமக்குக் கற்றுத்தரும் பெரிய பாடம் என்று எழுதினார்.

ஹைடெகரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். யூதக் குடும்பத்தில் பிறந்த ஹுசர்ல் அதே ஆட்சியில் ஒதுக்கப்பட்டு 1938இல் இறந்தார். ஹைடெகரை அடித்தளமாக எடுக்கும் மாணவர் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. விழுமியங்களைப் பற்றி ஒரு பகுதியே எழுதப் போகிறவர் இதைத் தெரியாமல் இருப்பது முறையாகாது.

இப்போது என் பல்லுக்கு வருகிறேன். காவிப் பல் அனுபவத்தை நான் ஆய்வு செய்தால், எதிரில் உட்காரும் அக்கா நான் வாயைத் திறந்ததுமே என்னைப் படித்துவிடுவார். “உனக்கும் நம்ம தண்ணிதானா” என்று கேட்பார். அந்த நொடியிலிருந்து பேட்டியின் போக்கே மாறிவிடும். இதை அடைப்புக்குள் போட்டுவிட்டேன் என்று நான் எழுதினால் அது பொய். அதனால் நான் போக வேண்டிய பாதை, ஹைடெகரும் காடமரும் காட்டிய விளக்கவியல் (ஹெர்மெனியூடிக்ஸ்) பாதை. என் முன்புரிதலை எழுதிவைப்பேன், அது எங்கே எனக்குக் கதவைத் திறந்தது, எங்கே என் காதை அடைத்தது என்று பேட்டிக்குப் பேட்டி குறித்துக்கொள்வேன், அந்தக் குறிப்பையும் தரவாகவே எடுத்துக்கொள்வேன். வான் மேனனின் முறையோ, 1996இல் ஜோனதன் ஸ்மித் முன்வைத்த ஐபிஏ (விளக்கவியல் நிகழ்வியல் பகுப்பாய்வு) முறையோ இதற்குப் பொருந்தும்.

நல்ல தண்ணீர் குடித்து வளர்ந்து, டெல்டா பக்கத்திலிருந்து இங்கே படிக்க வந்த ஒரு மாணவிக்கு நிலைமை வேறு. அவளுக்கு இந்த அனுபவம் புதிது. அவளிடம் இருப்பதெல்லாம் பாடநூல் அறிவு. ‘இது சுகாதாரப் பிரச்சினை, இவர்கள் பாதிக்கப்பட்டவர்கள்’ என்ற அறிவு. அதை ஒதுக்கிவைப்பது அவளால் முடிகிற காரியம், அவசியமும்கூட. அவள் விவரிப்புப் பாதையில் போகலாம். பிட்ஸ்பர்க் நகரின் டுகேன் பல்கலைக்கழகத்தில் ஜியோர்ஜி வளர்த்த முறை, அல்லது 1978இல் கொலைஸி கொடுத்த ஏழு படிகள்.

ஒதுக்கிவைப்பதை அவள் எப்படிச் செய்வாள்? களத்துக்குப் போகுமுன் ஒரு நோட்டில் மூன்று தலைப்பு எழுதச் சொல்வேன். எனக்கு இதைப் பற்றி என்ன தெரியும். என்ன பதில் வரும் என்று எதிர்பார்க்கிறேன். எந்தப் பதில் வந்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். மூன்றாவதை நேர்மையாக எழுத நாளாகும். ‘எனக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமே இல்ல’ என்று யாராவது சொன்னால் என் ஆய்வு விழுந்துவிடுமே என்ற பயம் அங்கேதான் வெளியே வரும். ஒவ்வொரு பேட்டிக்கு முன்னும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் போக வேண்டும். பேட்டியைக் கேட்டு எழுதும்போது, தன் எதிர்பார்ப்பு எட்டிப் பார்த்த கேள்விகளின் ஓரத்தில் கோடு போட வேண்டும்.

இரண்டு பாதையையும் கலக்காதீர்கள். ‘ஹுசர்லின் பிராக்கெட்டிங்கைக் கடைப்பிடித்து, ஹைடெகரின் விளக்கவியலின்படி பகுப்பாய்வு செய்தேன்’ என்ற வரியை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்த ஒரு வரியில் இரண்டு அனுமானங்கள் ஒன்றையொன்று ரத்து செய்கின்றன. ஒரே பாதைக்குள்ளும் கவனம் வேண்டும். கொலைஸியின் கடைசிப் படி, முடிவைப் பங்கேற்பாளரிடம் கொண்டுபோய்ச் சரிபார்ப்பது. ஜியோர்ஜி அதை ஏற்கவில்லை. பங்கேற்பாளர் பேசுவது அன்றாட மனநிலையிலிருந்து, ஆய்வாளர் பகுப்பது வேறொரு மனநிலையிலிருந்து. அப்படியிருக்க பங்கேற்பாளர் எதைச் சரிபார்ப்பார் என்பது ஜியோர்ஜியின் வாதம். இரண்டு பேரையும் ஹுசர்லின் பெயரிலேயே மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும்.

அறிவு எங்கிருந்து வருகிறது: ஒரு பேட்டித் துண்டு

எபிஸ்டமாலஜி பகுதியில் எழுத வேண்டியது இதுதான்: அறிவு பங்கேற்பாளரின் வாயில் தயாராகக் காத்திருக்கவில்லை, என் தலையிலும் இல்லை, அவர் விவரிப்பதிலும் நான் அதோடு தங்கியிருப்பதிலும் உருவாகிறது. எழுதுவது சுலபம். பகுப்பாய்வில்தான் இது சோதனைக்கு வரும்.

ஒரு மாணவி கொண்டுவந்த பேட்டியில், பென்னாகரம் பக்கத்து அம்மா ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தார்:

“சிரிப்பு வந்தா கை தானா வாய்க்கு வந்துரும் பாப்பா. நானா கொண்டு போறதில்ல. இப்பக்கூட வந்துச்சு பாரு. எம் பொண்ணு ஆத்துத்தண்ணி குடிச்சு வளந்தவ, பல்லு தெரியச் சிரிப்பா. அவ சிரிச்சாலும் எங்கை மேல போவுது.”

மாணவி ஓரத்தில் ‘தாழ்வு மனப்பான்மை’ என்று கோடு (code), அதாவது அந்தத் துண்டுக்கு அடையாளச் சொல், எழுதியிருந்தாள். அந்தச் சொல் அம்மா சொன்னதில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். இல்லை. உளவியல் பாடத்திலிருந்து வந்து உட்கார்ந்த சொல் அது. அதை எடுத்துவிட்டு மறுபடி வாசித்தோம். கை தானாக வருகிறது, அவர் அனுப்பவில்லை. வெட்கம் என்று ஒன்றை அவர் முதலில் உணர்ந்து, பிறகு வாயை மூட முடிவெடுக்கவில்லை. உடம்பு அவரை முந்திக்கொள்கிறது. மெர்லோ-போன்டியின் எழுத்து மாணவிக்குப் பிடிபட்டது இந்த இடத்தில்தான். உடம்பு நாம் சுமந்து திரியும் ஒரு பொருளாக இல்லாமல், உலகத்தோடு நமக்குள்ள தொடர்பாகவே இருக்கிறது என்ற அவர் கருத்தை அந்தக் கை செய்து காட்டுகிறது. அடுத்த வரி அதைவிட ஆழம். மகளின் பல் வெள்ளை, ஆனால் மகளுக்காகவும் இவர் கை எழுகிறது. காவிரித் தண்ணீர் வந்து ஆண்டுகள் ஆகியும் அந்தக் கைக்கு அது எட்டவில்லை. திட்ட அறிக்கையின் காலம் வேறு, இவர் உடம்பில் ஓடும் காலம் வேறு. வான் மேனன் சொல்லும் வாழ்ந்த உடல், வாழ்ந்த காலம், வாழ்ந்த உறவு மூன்றும் இந்தச் சின்னத் துண்டுக்குள் இருக்கின்றன. ‘தாழ்வு மனப்பான்மை’ என்ற கோடு இருந்திருந்தால் மூன்றுமே போயிருக்கும். தீம் பெயரை ‘சிரிப்பை முந்தும் கை’ என்று மாற்றினாள்.

ஆகவே, பேச்சை எழுத்தாக்கும்போது பேசினபடியே எழுதுங்கள். சிரித்த இடம், நிறுத்திய இடம், கை போன இடம் எல்லாம் வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும் கலந்து வரும், அதையும் திருத்தாதீர்கள். பதிவுக் கருவியில் கை விழாது. அதனால் பேட்டி முடிந்து பஸ் ஏறுவதற்குள் பார்த்ததை எழுதிவிடுங்கள்.

விழுமியமும் எண்ணிக்கையும்

ஆக்ஸியாலஜி என்றதும் ‘என் சார்புகளை ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதலையும் சேர்த்துக்கொள்வார்கள். நம் ஊர்களில் இந்த அனுமானம் சோதனைக்கு வருவது வேறு இடத்தில். நோட்டும் பேனாவுமாகப் போகிறவரை ஊர் அரசாங்க ஆளாகவே பார்க்கும். “நாலு நாளா பைப்புல தண்ணி வரல, எழுதிக்கம்மா” என்பார்கள். அது உங்கள் ஆய்வுக் கேள்விக்கு வெளியே இருக்கிறது. ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஊராட்சியில் சொல்லுங்கள். சொன்னதை அவர்களிடமும் சொல்லுங்கள். மனுவாக நடந்த பேச்சு எது, அனுபவத்தை விவரித்த பேச்சு எது என்று பிரித்துக் குறியுங்கள். பல்லைப் படம் எடுக்க வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன். வாயை மூடும் கையைப் பற்றிய ஆய்வுக்காக ஒருவரை வாயைத் திறக்கச் சொல்வது, நீங்கள் எழுதிய விழுமியப் பத்திக்கே எதிரானது.

எண்ணிக்கையைப் பற்றிச் சுருக்கமாக. ஐந்து முதல் இருபத்தைந்து பேர் வரை என்று பால்கிங்ஹார்ன் 1989இல் சொன்னதை எல்லாரும் காட்டுவார்கள். ஜியோர்ஜி குறைந்தது மூன்று பேர் என்பார். நேரமில்லாததால் பத்துப் பேர் என்று எழுதாதீர்கள். அனுபவத்தின் அமைப்பைத் தேடுகிறேன், பரவலைக் கணக்கிடவில்லை, அதனால் பத்துப் பேர் என்று உங்கள் இருப்பியல் பத்தியோடு முடிச்சுப் போடுங்கள். ‘சாச்சுரேஷன் வரும்வரை’ (புதிதாக எதுவும் கிடைக்காத நிலை வரும்வரை) என்ற வாசகம் 1967இல் கிளேசரும் ஸ்ட்ராஸும், தரவிலிருந்தே கோட்பாட்டை உருவாக்கும் கிரவுண்டட் தியரிக்காக உருவாக்கிய கருத்திலிருந்து வந்தது. அதை இங்கே போட்டால் ஏன் போட்டீர்கள் என்று விளக்கத் தயாராக இருங்கள். விளக்கம் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

எழுதும் வரிசை

இந்தப் பகுதியை முதலிலேயே எழுதி முடிக்காதீர்கள். சினாப்சிஸுக்கு ஒரு பக்கம் கொடுத்துவிட்டு, முதல் இரண்டு பேட்டியை எடுத்து, வரிவரியாக வாசித்த பிறகு உட்காருங்கள். அப்போதுதான் நீங்கள் ஒதுங்கி நின்று கேட்கிறவரா, உள்ளே நின்று விளக்குகிறவரா என்பது உங்கள் கேள்விகளிலேயே தெரியும். அதற்கேற்ற தத்துவவாதியைத் தேர்ந்தெடுத்து, அவர் எழுத்தில் ஒரு அத்தியாயத்தையாவது நேரடியாகப் படியுங்கள். பிறகு வரைவை அச்செடுத்து, இடது ஓரத்தில் ஒவ்வொரு அனுமானத்துக்கும் நேராக, அது மாற்றிய களக்குறிப்பின் பக்க எண்ணை எழுதுங்கள். எண் இல்லாத பத்திகளைப் பேனாவால் அடியுங்கள். ஆறு பக்கம் இரண்டரைப் பக்கமாகிவிட்டது, கைடு என்ன சொல்வாரோ என்று பயந்தால், அந்த ஓரத்து எண்களோடேயே அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.